நொய்யலுக்கு யார் மேல் கோபம்?

குழந்தை கறுப்பு கிரேயானை எடுத்தால் மனச்சோர்வு, சிவப்பை அழுத்தித் தீட்டினால் கோபம், கையில்லாத மனிதனை வரைந்தால் பாசத்துக்கு ஏக்கம். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் பட்டியல் மறுபடியும் சுற்றுகிறது. கிளி ஜோசியம் இதைவிட நாணயமானது. அங்கே கிளிக்காவது ஒரு நெல்மணி கிடைக்கும். பட்டியல் போட்டவர் திருப்பூர்ப் பக்கம் வந்திருந்தால் அன்றைக்கே கடையை மூடியிருப்பார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கிருந்த சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதுவரை நொய்யல் ஆற்றின் நிறத்தைத் தீர்மானித்தது பட்டறையில் அன்று ஓடிய சாய லாட்தான். பாசனத்துக்கென்று 1992-ல் வந்த ஒரத்துப்பாளையம் அணையே சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனது. அந்தக் கரையில் வளர்ந்த பிள்ளை, மெழுகு உதிர உதிர ஆற்றுக்குச் சிவப்படித்தால் அதற்குக் கோபமா? கண் நன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான். நீலமடித்த பிள்ளையை வேண்டுமானால் விசாரிக்கலாம். அதுவும் சந்தேகம்தான், அன்றைக்கு நீல லாட்டாக இருந்திருக்கலாம்.

அமெரிக்க உளவியலாளர்கள் லோரன் சாப்மனும் ஜீன் சாப்மனும் 1967-ல் இந்தக் குட்டை உடைத்துவிட்டார்கள். மனித உருவப் படங்களோடு மனக்கோளாறுக் குறிப்புகளைச் சம்பந்தமே இல்லாமல் கலந்து கல்லூரி மாணவர்களிடம் காட்டினார்கள். சந்தேகப் பேர்வழிதான் கண்ணை விசித்திரமாகப் போடுகிறான் என்று மாணவர்கள் ‘கண்டுபிடித்தார்கள்’. பழுத்த நிபுணர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததும் அதையேதான். படத்தில் இல்லாததை, பார்ப்பவர் தன் மண்டையிலிருந்து எடுத்து ஒட்டுகிறார். மனநல மருத்துவர்களே பிள்ளைகளை வரையச் சொல்கிறார்களே என்பார்கள். சொல்கிறார்கள்; வரைகிற பிள்ளை வாய் திறக்கும் என்பதற்காக. “இது யாரு சாமி, என்ன பண்றாங்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். கேட்டால் ஆறு ஏன் சிவப்பு என்று பிள்ளையே சொல்லும். பெட்டியில் மிச்சமிருந்தது சிவப்பு மட்டும்தான் என்றும் சொல்லும்.

கேட்க யாருக்கு நேரமிருக்கிறது என்பது வேறு விஷயம். படத்தின் மூலையில் அம்மா சின்னதாக நின்றால் ‘தாய்ப்பாசக் குறைவு’ என்கிறது பட்டியல். பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் ஒன்றரை ஷிப்ட் நின்றுவிட்டு, பிள்ளை தூங்கிய பிறகு வீடு திரும்பும் அம்மா வேறெப்படித் தெரிவாள்? குறை பாசத்தில் இல்லை, ஷிப்டில் இருக்கிறது. அதைப் பட்டியலில் போட்டால் கம்பெனி முதலாளி பார்வர்ட் செய்வாரா? பள்ளியின் கதையும் இதுதான். ஓவியப் பீரியட் வந்தால் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. ஓவியம் சொல்லித்தர அரசு 2012-ல் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது கொடுத்த சம்பளம் மாதம் 5000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனையோ முறை சென்னைக்கு வந்து தெருவில் உட்கார்ந்தார்கள். அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று அறிய கிரேயான் எதுவும் தேவைப்படவில்லை. தட்டியிலேயே எழுதிப் பிடித்திருந்தார்கள்.