நம் பிள்ளைகளின் கைக்கு என்ன கல்வி?

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் மல்லாட்டைக் கொல்லையில் களையெடுக்கும் எந்தத் தாயிடமும் போய், பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளைக்குக் கைவேலை சொல்லிக் கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். "கைவேலை செய்யத்தான் நாங்க இருக்கிறோமே, அவனாவது பேனா பிடிக்கட்டும்" என்றுதான் பதில் வரும். குனிந்து குனிந்து முதுகு வளைந்தவர்களின் பதில் அது. அதில் நியாயம் இருக்கிறது.

அந்த நியாயத்துக்குச் சரித்திரமும் உண்டு. 1953-ல் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாக இருந்த ராஜாஜி, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டத்தைப் புகுத்தினார். நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம். மிச்ச நேரத்தில் பிள்ளை வீட்டிலிருந்து தகப்பனின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். குயவர் மகன் சக்கரத்துக்கு, சலவைத் தொழிலாளி மகன் துறைக்கு, பண்ணையாள் மகன் மாட்டுக் கொட்டகைக்கு! பட்டணத்து வக்கீலின் மகன் மட்டும் முழு நேரமும் வகுப்பில் உட்கார்ந்து படிப்பான். மக்கள் இதற்குக் குலக்கல்வி என்று சரியாகவே பெயர் வைத்தார்கள். திராவிடர் கழகமும், தி.மு.கழகமும், கம்யூனிஸ்டுகளும் எதிர்த்து நின்றனர். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜ் மந்திரிசபை அவ்வாண்டு மே மாதமே திட்டத்தைக் கைவிட்டது.

அதற்கும் முன்னால், 1937-ல், வார்தாவில் காந்தியார் கூட்டிய மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வி பிறந்தது. கைத்தொழிலை மையமாக வைத்துப் பாடம் நடத்துவது நல்ல யோசனைதான். ஆனால் பிள்ளைகள் செய்யும் சரக்கை விற்றே உபாத்தியாயரின் சம்பளத்தை ஈடுகட்ட வேண்டும் என்பதும் அந்த யோசனையில் சேர்ந்திருந்தது. எட்டு வயதுப் பிள்ளை நூற்ற நூலை விற்றுச் சம்பளம் கொடுத்தால் அது பள்ளிக்கூடமா, பட்டறையா?

இந்தக் கசப்புகளால் கைவேலை என்ற சொல்லைக் கேட்டாலே நாம் முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம். பணக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. பட்டணத்துத் தனியார் பள்ளிகளில் 'ரோபாட்டிக்ஸ்' என்று தனிக் கட்டணம் கட்டி, சக்கரமும் மோட்டாரும் மாட்டிப் பழகும் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? இங்கிலாந்தில் 1990 முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கே 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். என்ன பொருள் தேவை, யார் உபயோகிக்கப் போகிறார்கள் என்று யோசித்து, படம் வரைந்து, அளவெடுத்து, செய்து பார்த்து, கோளாறு இருந்தால் திருத்துவதுதான் அந்தப் பாடம்.

இதற்கு லட்சக்கணக்கில் செலவாகும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். மத்திய சர்க்கார் 2016-ல் தொடங்கிய அடல் ஆய்வுக்கூடத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் என்று வகுத்தார்கள். அதுவும் ஆறாம் வகுப்புக்கு மேல்தான். ஆனால் அரவிந்த் குப்தா என்ற இன்ஜினியர் வேறு வழி காட்டியிருக்கிறார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனாவில் டெல்கோ லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவர், 1978-ல் ஓராண்டு விடுப்பெடுத்து மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். அங்கே கிராமப் பள்ளிகளில் 1972 முதல் செய்முறையாக விஞ்ஞானம் கற்பிக்கும் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவர் எடுத்த கருவிகள் தீக்குச்சியும் சைக்கிள் வால்டியூபும்!

குச்சியின் மருந்தைச் சுரண்டிவிட வேண்டும். சின்னப் பிள்ளைகள் கையில் கொடுப்பதாயிற்றே. வால்டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, குச்சிகளின் முனைகளை அதில் செருகி மூன்று குச்சிகளைச் சேர்த்தால் முக்கோணம். அழுத்திப் பார்த்தால் அசையாது. நான்கு குச்சிகளைச் சேர்த்துச் சதுரம் செய்தால் தொட்டவுடன் சாய்கிறது. ஏன்? பிள்ளை தானே குறுக்கே ஒரு குச்சியை வைத்துப் பார்க்கிறது, சதுரம் நின்றுவிடுகிறது. இப்பொழுது அந்தப் பிள்ளையை வெளியே அழைத்துப் போய் கூரை வீட்டின் கைமரங்களைக் காட்டுங்கள், ஆலைக் கொட்டகையின் இரும்புச் சட்டங்களைக் காட்டுங்கள், மின்சாரக் கோபுரத்தைக் காட்டுங்கள். எங்கும் முக்கோணம்! ஒரு தீப்பெட்டியின் விலை இரண்டு ரூபாய். ஏரியும் மதகும் உள்ள ஊரில் அதுகூட வேண்டாம். களிமண்ணால் சின்ன ஏரி கட்டி, தூம்பை எந்த உயரத்தில் வைத்தால் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று பார்க்கலாம்.

குலக்கல்விக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தோழர்கள் தெளிவாகப் பார்க்க வேண்டும். அது, உன் அப்பன் செய்தபடியே செய் என்றது. இதுவோ, ஏன் இப்படிச் செய்கிறார்கள், வேறுவிதமாகச் செய்ய முடியாதா என்று பிள்ளையைக் கேட்க வைக்கிறது. அங்கே சாதிக்கொரு தொழில். இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், ஒரே கருவிப் பெட்டி. மார்க்ஸ் 1866-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் சங்கக் காங்கிரசுக்கு எழுதித் தந்த குறிப்பிலும், மனப்பயிற்சி, உடற்பயிற்சி என்பவற்றோடு தொழில்நுட்பப் பயிற்சியைச் சேர்த்தார். ஏதோ ஒரு தொழிலில் பிள்ளையைக் கட்டிப்போடும்படி அவர் சொல்லவில்லை. எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான விதிகளையும் ஆரம்பக் கருவிகளையும் கற்றுக்கொடுக்கச் சொன்னார்.

நமது மாவட்டத்திலேயே செய்யாறு சிப்காட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் செருப்பும் பூட்சும் தைக்கிறார்கள். அந்தப் பூட்சின் வடிவம் கடல் தாண்டி எங்கோ வரையப்படுகிறது. வரைபவனுக்கு ஒரு சம்பளம், தைப்பவளுக்கு ஒரு சம்பளம். பஞ்சாலையிலும் இதே கதைதான். எந்திரம் எந்தச் சத்தத்தில் மக்கர் செய்கிறது என்று தொழிலாளிக்குத் தெரியும். ஆனால் வரைபடம் ஆபீசர் கையில். படம் படிக்கத் தெரியாதவன் அதிகாரி சொன்னதை நம்பித்தான் தீர வேண்டும்.

சர்க்கார் என்ன செய்கிறது? 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், செயல்கள் மூலமும் தேடிக் கண்டறிவதன் மூலமும் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு ஆசிரியர் யாருக்கு உண்டு? ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படித்தால்தான், அதுவும் பகுதிநேரம். ஐந்தாம் வகுப்பு வரை அதுவும் கிடையாது. இந்தச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். தையலும் ஓவியமும் கம்ப்யூட்டரும் கற்றுத் தரும் அந்த ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னைத் தெருக்களில் பல முறை உட்கார வேண்டியிருந்தது. கைக்கல்வியை ஆள்பவர்கள் எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

டெல்லியின் 2020-ம் வருஷத்துக் கல்விக் கொள்கையும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. பத்து நாள் புத்தகப் பையில்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் பழகட்டும் என்கிறது. பத்து நாளில் பழகுவது வேடிக்கை பார்ப்பதுதான். 2023-ல் வந்த விஸ்வகர்மா திட்டமோ 18 தொழில்களைச் சொல்லி, குடும்பத் தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டும் என்றது. அந்த நிபந்தனையை நீக்கச் சொல்லி, 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அதை அப்படியே ஏற்க மறுத்தது சரியான காரியம். குலக்கல்வியின் வாடை இன்னும் போகவில்லை.

அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டப்படி இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்கும் அவர்கள் தலையில் இன்னொரு பாடத்தை ஏற்றினால் அது ஏட்டில்தான் நடக்கும். ஆகவே அடுத்தடுத்துள்ள சில பள்ளிகளுக்குச் சேர்த்து, நிரந்தரச் சம்பளத்தில் ஒரு செய்முறை ஆசிரியர் வேண்டும். பள்ளிக்கொரு கருவிப் பெட்டி வேண்டும்: அளவுகோல், கத்தரி, சின்னச் சுத்தி, திருப்புளி. பிள்ளைகள் செய்த பொருளை விற்கக் கூடாது. பரீட்சை வைக்கக் கூடாது. ஊர்த் தச்சரையும் கொல்லரையும் அழைத்தால் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல் அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள், பாதிப்பேர் பெண்கள் என்று சட்டம் சொல்கிறது. பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை எழுதும் உரிமையும் அந்தக் குழுவுக்குத்தான். கூட்டம் நடக்கும் நாளில் அரைநாள் கூலி போனாலும் நமது தோழர்கள் போய் உட்கார்ந்து, கருவிப் பெட்டியையும் ஆசிரியரையும் அந்தத் திட்டத்தில் எழுத வைக்க வேண்டும். கீழ்பென்னாத்தூர் பேரூராட்சி, அங்கே மனுவைப் பேரூராட்சி மன்றத்திடம் கொடுக்கலாம். சுற்றியுள்ள ஊராட்சிகளில் மே தினத்தன்று கிராம சபை கூடும்பொழுது இதையே தீர்மானமாகக் கொண்டுவரலாம்.