வாக்கும் மனச்சான்றும்

ஏழை எளியோருக்காக ஓயாது குரல் கொடுக்கும் அமெரிக்க அரசியல்வாதி பெர்னி சாண்டர்ஸ், துப்பாக்கி என்றதும் தடுமாறியது ஏன்? துப்பாக்கி வாங்குவோர் ஐந்து நாள் காத்திருக்கவும், அவர்தம் பின்னணியை விசாரிக்கவும் வழிசெய்த பிராடி மசோதாவை 1993-இல் எதிர்த்து வாக்களித்தார். மறு ஆண்டே, போர்முறைத் துப்பாக்கிகளுக்குத் தடை விதித்த சட்டத்தை ஆதரித்தார். 2005-இலோ துப்பாக்கி உற்பத்தியாளர்களை வழக்குகளினின்று காக்கும் சட்டத்துக்கு ஆதரவு!

அவருடைய வெர்மான்ட் வேட்டைப் பழக்கம் மிகுந்த நாட்டுப்புற மாநிலம். மக்களின் எண்ணத்தையே எதிரொலித்தார் என்பர். எதிரொலிதான் வேண்டுமெனில் ஒலிபெருக்கி போதுமே, உறுப்பினர் எதற்கு?

2012-இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு, பின்னணி விசாரணையை விரிவாக்கும் திருத்தத்தை அவர் ஆதரித்தார். 60 வாக்குகள் தேவை, கிடைத்தவை 54. அந்த வாக்கை மனமாரப் பாராட்டுகிறேன். 1993-இன் வாக்கை மன்னிக்கத்தான் மனம் வரவில்லை.