குத்தகை நிலத்தில் தமிழ் மடல்கள்

வலங்கைமான் வட்டத்து உழவர்க்குக் குத்தகை என்னும் சொல்லை எவரும் விளக்க வேண்டியதில்லை. உழுபவன் ஒருவன், உடையவன் வேறொருவன். உடையவன் மனம் மாறினால் நட்ட பயிரையும் விட்டு நீங்க வேண்டியவன் உழுதவனே. இக்கொடுமை முற்றிப்போனமையாலேயே 1952-இல் தஞ்சை மாவட்டத்துக் குத்தகை உழவர்க்கும் பண்ணையாள்களுக்கும் காப்பளிக்கத் தனிச்சட்டம் வந்தது. மண்ணை உழுதவர்க்கு அவ்வளவேனும் காப்பு வாய்த்தது. கணிப்பொறியில் தமிழை உழுதவர்க்கோ அதுவும் வாய்க்கவில்லை.

2019-ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்களில் யாகூ என்னும் அமெரிக்க நிறுவனம் ஓர் அறிவிப்பு விடுத்தது. தன் குழுக்களில் அதுகாறும் சேர்ந்திருந்த மடல்களும் கோப்புகளும் படங்களும் அழிக்கப்படும். வேண்டுவோர் படியெடுத்துக்கொள்க என்பது அதன் சாரம். முதலில் திசம்பர் 14 வரை நாள் குறித்தது. பின்னர்ப் படி கேட்போர்க்கு 2020 சனவரி இறுதி வரை நீட்டித்தது. 2020 திசம்பர் 15-இல் எஞ்சியிருந்த மடற்போக்குவரத்தும் நின்றது. மரத்தடி, அகத்தியர், இராயர் காப்பிக் கிளப்பு எனத் தமிழர் கூடிப் பேசிய குழுக்கள் பல அந்நிலத்தில் குடியிருந்தவையே. (பெயரில் காப்பியும் கிளப்பும் கலந்திருந்தாலும் உள்ளே நடந்தது தமிழிலக்கிய உரையாட்டு என்பதை மறுத்தல் அறமன்று.) ஆண்டுக்கணக்கில் எழுதிக் குவித்தவற்றைச் சில கிழமைகளுக்குள் மூட்டை கட்டிக்கொண்டு போ என்று சொல்லும் உரிமை அந்நிறுவனத்திற்கு எங்ஙனம் வந்தது? வேறெங்ஙனம்? நிலம் அதனுடையது, நாம் வாரம் கொடாக் குத்தகையாளர்.

மடலாற்குழு என்பது யாதென அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுவோம். குழுவிற்கென ஒரு முகவரி உண்டு. உறுப்பினர் ஒருவர் அம்முகவரிக்கு ஒரு மடல் விடுத்தால், வழங்கிக் கணிப்பொறியில் அமர்ந்திருக்கும் மென்பொருள் அதனைப் படியெடுத்து உறுப்பினர் அனைவர்க்கும் அனுப்பி, ஒரு படியைத் தன் ஆவணத்திலும் வைத்துக்கொள்ளும். தலைவாய்க்காலில் விட்ட நீர் கிளைவாய்க்கால்தோறும் சென்று ஒவ்வொருவர் வயலிலும் பாய்வது போன்றதே இது. 1986-இல் பாரிசில் மாணவராயிருந்த எரிக் தாமசு என்பார் இவ்வேலையை ஆளின்றிச் செய்யும் மென்பொருளை எழுதினார். 1992-இல் மேசர்தோமோ வந்தது. அதன்பின் வந்த மெயில்மேன் கட்டற்ற மென்பொருளாக உலகெங்கும் பரவிற்று. மெயில்மேனை முதலில் எழுதிய சான் வியேகா, 1998-ஐ ஒட்டிக் கணிப்பொறி வட்டுப் பழுதானமையால் தம் மூலநிரற் படியையே இழந்தாராம். கென் மானைமர் என்பார் அப்பணியைத் தம் கையில் ஏற்று வளர்த்தமையால் அது மாளவில்லை.

தமிழர்க்கு இக்கருவி புதிதன்று. 1990-களின் இடையில் ஆத்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மடலாற்குழுவில் உலகின் பல மூலைகளிலிருந்த தமிழர் தமிழெழுத்திலேயே மடலெழுதினர். தமிழுக்கென ஒரு பொது எழுத்துக் குறியீட்டு முறையை வகுத்த உரையாடல்கள் பெரும்பாலும் மடல் வழியே நடந்தன. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரனார் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஊதியம் கருதாத் தன்னார்வலர் தட்டெழுதியும் பிழை திருத்தியும் நம் நூல்களை இணையத்தில் ஏற்றிய பெரும்பணி. நாடு வேறாய், நேரம் வேறாய்ப் பிரிந்திருந்தவர்களை மடல்தான் கோத்தது. அரசு பணித்ததன்று; பல்கலைக்கழகம் பணித்ததுமன்று.

கலைச்சொல்லாக்கத்திலும் இக்குழுக்களின் பங்கு உண்டு. வலங்கைமானிற் பிறந்து ஆங்கிலச் சொல்வன்மையால் உலகப் புகழ் பெற்ற சீனிவாச சாத்திரியார் தலைமையில் 1940-இல் சென்னை அரசு ஒரு கலைச்சொற்குழு அமைத்ததையும், தமிழறிஞர் அதனை எதிர்த்து நின்றதையும் முதியோர் சொல்லக் கேட்டிருப்போம். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1938-இலேயே கலைச்சொற்கள் என்னும் தொகுப்பை வெளியிட்டிருந்தனர். வடசொல்லும் ஆங்கிலமும் போதும் என்னும் கருத்துக்கு அதுவே விடையாயிற்று. அன்று குழு கூட்டிப் போராடிப் பெற வேண்டியிருந்ததை, மடலாற்குழுத் தமிழர் எழுதும் போக்கிலேயே செய்தனர். மட்டுறுத்துநர், மடலாடல், இழை, வழங்கி என்பன போன்ற சொற்கள் அங்கே புழங்கிப் புழங்கியே நிலைத்தன. அச்சொல் எந்த மடலில், எவ்வாய்வின் பின் ஏற்கப்பட்டதெனக் காட்டும் சான்றுகள்தாம் யாகூவோடு பெரிதும் மறைந்தன.

இன்று புலனம் எனப்படும் வாட்சாப்புக் குழு இல்லாத தமிழ் மன்றம் இல்லை. ஒரு புலவர் ஒரு சொல்லின் வேரை அங்கே நுணுகி விளக்குகிறார். மறுநாட் காலை நூறு வணக்கப் படங்கள் அதன்மேல் வந்து விழுகின்றன. மூன்று திங்கள் கழித்து அதனைத் தேடுவார்க்கு என்ன கிட்டும்? கூகுள் குழுக்களை நம்பியிருப்போரும் ஒன்றை எண்ணுக. 2024 பெப்பிரவரியில் அந்நிறுவனம் பழைய யூசுநெட்டுச் செய்திக்குழுக்களில் புதிதாக எழுதும் வாயிலை அடைத்துவிட்டது. அடைப்பதற்கு நம் இசைவைக் கேட்டதா?

ஆதலின் சொந்த வழங்கி வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. தளப்பெயர் ஒன்றை வாங்கி ஆண்டுதோறும் புதுப்பித்தல், சிறிய வழங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்தல் என்னும் இரண்டே செலவு. வழங்கியும் வாடகைதானே எனின், ஆம். ஆயினும் தளப்பெயரும் ஆவணப்படியும் நம் கையில் இருக்குமாயின் ஓரிடத்தை விட்டு மற்றோரிடத்திற்குக் குடிபெயர்தல் எளிது. இயங்குதளமாகிய இலினக்கசும், மடல் சுமக்கும் போசுட்டுபிக்சும், குழுவை ஆளும் மெயில்மேனும் விலையின்றிக் கிடைப்பவை. மெயில்மேனின் மூன்றாம் பதிப்பு 2015-இல் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு சார்ந்திருந்த பழைய பைத்தான் மொழிக்கு 2020-உடன் பேணுதல் நின்றமையால் புதிதாக நிறுவுவோர் மூன்றாவதையே கொள்க.

கடினம் நிறுவுவதில் இல்லை. நாளும் பேணுவதில் இருக்கிறது. சில வழங்கி நிறுவனங்கள் மடல் வெளிச்செல்லும் 25-ஆம் வாயிலை அடைத்தே வைத்திருக்கும். அதனைத் திறக்கச் செய்தல் வேண்டும். இம்மடல் இத்தளத்திலிருந்தே வந்தது எனக் காட்டும் பதிவுகளையும் மறைக்குறி ஒப்பத்தையும் தளப்பெயர் ஏட்டில் ஏற்றாவிடின், பெரிய நிறுவனங்களின் அஞ்சற்பெட்டிகள் நம் மடலைக் குப்பையிற் போடும். 2014 ஏப்பிரலில் யாகூ தன் பயனர் பெயரில் வரும் ஒப்பம் பிழைத்த மடல்களைப் புறந்தள்ளச் சொன்னபோது, உலகெங்கும் மடலாற்குழுக்கள் நிலைகுலைந்தன; தலைப்பில் குழுப்பெயரைச் சேர்த்தாலே மூல ஒப்பம் சிதையும் என்பதே ஏது. அனுப்புநர் முகவரியிடத்தில் குழுவின் முகவரியை இட்டு அனுப்பும் அமைப்பு மெயில்மேனில் உண்டு. அதனை இயக்கிவைத்தல் நன்று. திரும்பிவரும் மடல்களைப் பார்த்து இறந்த முகவரிகளை நீக்கல், புதியவர் முதன்மடலை நிறுத்திப் பார்த்து விடுத்தல், சேர விழைவோரின் இசைவை மடல் வழியே உறுதி செய்தல், ஆவணத்தைக் கிழமைதோறும் வேறிடத்திற் படியெடுத்தல் ஆகியனவும் மட்டுறுத்துநர் கடன்.

இப்பணியை ஒருவர் தலையில் ஏற்றுதல் கூடாது. தமிழ்க் குழுக்கள் பல மாண்டது பகைவராலன்று. கடவுச்சொல்லை அறிந்தவர் ஒருவரே, அவர் நோயுற்றார் அல்லது சலித்தார் என்பதனாலேயே. காவிரிக் கரையில் மேட்டூர் நீர் வருமுன் ஊரார் கூடி வாய்க்கால் தூர்வாரும் குடிமராமத்து இருந்ததே, அம்முறைதான் இதற்கும் பொருந்தும். (மராமத்து அரபுச் சொல்; தூர்வாரிய கை தமிழன் கை.) ஒரு மன்றத்திற்கு மூவரேனும் வழங்கியைக் கையாளக் கற்க வேண்டும், கல்லூரியில் கணிப்பொறி பயிலும் நம் பிள்ளைகள் இதனை ஓரிரு கிழமைகளிற் கற்பர்.

மற்றொன்று உடனே செய்யற்பாலது. யாகூவின் ஆவணம் அழிந்ததேயன்றி, அக்குழுக்களின் மடல்கள் உறுப்பினர் அஞ்சற்பெட்டிகளிலும் பழைய கணிப்பொறிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே கோப்பாகத் தொகுத்தால் மெயில்மேனின் ஆவணத்துள் நாள் முறையில் ஏற்றலாம். பழைய குறியீட்டில் இருப்பவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்; அதற்கான கருவிகள் உள. எழுதியவர் இசைவைப் பெற்ற பின்னரே பொதுவில் வைத்தல் முறை. பழைய வட்டுகளுக்கு வாணாள் குறைவு. அவற்றை வைத்திருப்போருள் பலர் எழுபதைக் கடந்தவர்கள்.