அரிசிக்குள் ஒண்டுக் குடித்தனம்

மூன்று பேச்சிலர்கள் சேர்ந்து 25 கிலோ சிப்பம் வாங்கிப் போட்டு, 'இனிமே மெஸ் பக்கமே போறதில்லை' என்று சபதம் செய்தால், இரண்டாம் மாதம் நாலாவது ஆள் வந்துவிடுவார். எள்ளளவு உடம்பு, மூஞ்சியில் குட்டித் தும்பிக்கை. அரிசி வண்டு.

அநேகமாகக் கடையிலிருந்தே கூட வந்திருப்பார். பெண் வண்டு அரிசியில் துளை போட்டு, ஒரு முட்டை வைத்து, பசையால் வாயை அடைத்துவிடுகிறது. புழு உள்ளேயே தின்று, உள்ளேயே தூங்கி, நம்ம ஊர் சூட்டுக்குச் சுமார் ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வருகிறது. போர்ஷனைக் காலி செய்யும்போது மிச்சம் வெறும் கூடு.

'கிராம்பு எண்ணெய் விடு, யூகலிப்டஸ் விடு' என்கிறார்கள். பொய்யில்லை. கிராம்பில் யூஜினால், யூகலிப்டஸில் சினியோல். இந்த ஆவி வண்டின் மூச்சுத் துளைகளில் புகுந்து நரம்பைக் கலக்கிவிடும். ஓசோனைக் கெடுக்கிறது என்று மெத்தில் புரோமைடு புகையை, சில விலக்குகள் தவிர, பணக்கார நாடுகள் 2005-லும் மற்றவர்கள் 2015-லும் கைவிட நேர்ந்ததால் விஞ்ஞானிகளும் இதை மோந்து பார்க்கிறார்கள்.

ஆனால் ஆய்வுக்கூட பாட்டிலுக்கு மூடி டைட். நம் சாக்குக்கு? வாசனை பாதி தெருவுக்குப் போய்விடும். அரிசிக்குள் இருக்கும் புழுவை எட்டுவதும் கஷ்டம். டோஸை ஏற்றினால் ரசம் சாதம் தைலம் மணக்கும். தவிர, இயற்கை என்றாலே சாது இல்லை. பாட்டி போட்ட வசம்பையே, அதன் எண்ணெயால் எலிகளுக்குக் கட்டி வந்ததென்று, அமெரிக்காவில் 1968-ல் உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள்.

அதற்காக, "குடோன்ல போடற மாத்திரை சார், ஒண்ணு போதும்" என்று யாராவது நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷ வாயு கிளம்பும். தார்ப்பாய் மூடி, ஆட்களை வெளியேற்றிவிட்டு, பயிற்சி பெற்றவர்கள் செய்கிற காரியம் அது. பத்துக்குப் பத்து ரூமில் வண்டோடு நீங்களும் போய்ச் சேருவீர்கள். மாற்று மருந்து கிடையாது.

ஐந்து ஐந்து கிலோவாக வாங்குங்கள். ஃப்ரிட்ஜ் இருந்தால் சின்னப் பொட்டலங்களாக ஃப்ரீஸரில் நாலைந்து நாள்; முட்டையும் காலி. பிறகு இறுக்கமான டப்பா. ஏற்கெனவே வண்டு வந்தாச்சா? முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தால் சூடு தாங்காமல் நடையைக் கட்டும். முறத்துக்கு ஹவுஸ் ஓனர் அம்மாவைக் கேளுங்கள், வாடகை பாக்கி இல்லாத மாதமாகப் பார்த்து.