இடப்பக்கம் வரும் குதிரை

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு சின்னக் கிராமத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண்மணி இரண்டு குதிரைகள் வளர்க்கிறார். காலை ஏழு மணிக்குக் குளம்புச் சத்தம் கேட்டால் அவர் கிளம்பிவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு குதிரைமேல் அவர் உட்கார்ந்திருப்பார். இன்னொன்று வெறும் முதுகோடு, அவர் முழங்காலை ஒட்டி நடந்து வரும்.

இந்த ஊருக்கு வந்த புதிதில், ஒரு குறுகிய சாலையில் அவருக்குப் பின்னால் என் கார் மாட்டிக்கொண்டது. வேலைக்கு நேரமாகிவிட்ட பதற்றம் எனக்கு. கொஞ்சம் இடம் தெரிந்ததும் உரசினாற்போல முந்திக்கொண்டு போனேன். பிறகு கண்ணாடியில் பார்த்தால், கூட வந்த குதிரை மிரண்டு குறுக்கே திரும்பி நின்றது. அவர் சேணத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. லாயத்துக்குக் கூட்டிப்போய், காலையில் மிரண்ட அந்த இளம் குதிரையின் பிடிகயிற்றை என் கையில் கொடுத்தார். கயிற்றை வாங்கியதும் என் கை தானாகவே அதை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றியது. உடனே என் மணிக்கட்டைப் பிடித்துச் சுற்றைப் பிரித்துவிட்டார். "சுற்றவே கூடாது. இது பாய்ந்தால் கயிறு இறுகிவிடும். விரல் போகும், இல்லையென்றால் உங்களையே தரதரவென்று இழுத்துப் போகும்." கயிற்றை மடிப்பு மடிப்பாக மடித்து, மடிப்புகளின் நடுவில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய இடது உள்ளங்கையில் பழைய கயிற்றுத் தழும்பு ஒன்று, வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கையுறை போடாமல் கிளம்பிய ஒரே ஒரு நாளில் வந்ததாம்.

அந்த அரைமணி நேரத்தில்தான், ஒன்றில் ஏறிக்கொண்டு இன்னொன்றைக் கூட்டிப்போவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று புரிந்தது. ஏறியிருக்கும் குதிரையின் வார் இரண்டும் வலக்கையில். கூட வரும் குதிரையின் கயிறு இடக்கையில். அதன் தலை எப்போதும் ஓட்டுபவரின் முழங்காலுக்கு நேராக இருக்க வேண்டும். பின்தங்கினால் தோள்பட்டையைப் பிடுங்குவதுபோல் இழுக்கும். முந்தினால் குறுக்கே திரும்பிவிடும். சாலைக்கு வெறும் தலைக்கயிறு போதாது, கடிவாளமும் வேண்டும். கயிற்றைச் சேணத்தில் கட்டிவிட்டு வருவது மட்டும் ஆகவே ஆகாது.

இத்தனை சிரமம் எதற்கு? அடிபட்டுத் தேறிவரும் குதிரைக்குப் பாரம் ஏற்றாமல் நடை கொடுக்க வேண்டியிருக்கும். ஒரே ஆள் இரண்டு குதிரைகளுக்கும் வேலை கொடுக்க வேண்டியிருக்கும். இவர் சொன்ன காரணம் இளம் குதிரையைப் பழக்குவது. அவர் ஏறி வருவது பத்தொன்பது வயதுப் பெண்குதிரை. லாரி வந்தாலும் காதைக்கூட அசைக்காது. அது சும்மா நடப்பதைப் பார்த்து இளசும் சும்மா நடக்கிறது. கேட்டதும் எனக்கு எங்கள் தாத்தா நினைவுக்கு வந்தார். புதுக் காளையை அவர் தனியாக ஏரில் பூட்டியதே இல்லை. பழகிய மாட்டோடு ஜோடி சேர்த்து, "பெரியவன் சொல்லிக்கொடுப்பான்" என்பார்.

பிரிட்டனின் சாலை விதிநூலான ஹைவே கோடில், 53ஆம் விதி குதிரை ஓட்டுபவர்களுக்கானது. கூட்டிச் செல்லும் குதிரையை உங்கள் இடப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது அது. நம் ஊரைப் போலவே இங்கும் வண்டிகள் இடப்பக்கமாகத்தான் போகும். அப்படியென்றால் இடப்பக்கம் வேலியும் புல்லும், வலப்பக்கம் வாகனங்கள். பழகாத குதிரை வேலி ஓரமாக வருகிறது. அதற்கும் வாகனங்களுக்கும் நடுவே பழகிய குதிரையும் அதன் மேல் இருக்கும் மனிதரும் வருகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் எந்தத் தாயும் இப்படித்தான் நடப்பாள்.

எவ்வளவு பழகியவர்களுக்கும் இது எளிதல்ல. 2024 ஏப்ரல் 24 அன்று லண்டனில் அரச குதிரைப்படையின் ஆறு வீரர்கள் ஏழு குதிரைகளோடு காலை நடைக்குப் போனார்கள். பெல்கிரேவியாவில், கட்டட வேலை நடந்த இடத்தில் இடிபாடு கொட்டிய சத்தத்தில் குதிரைகள் மிரண்டன. வீரர்கள் சிலர் கீழே விழுந்தார்கள். சில குதிரைகள் நகரத்துக்குள் மைல்கணக்கில் ஓடி, வண்டிகளில் மோதிக் காயப்பட்டன. நாள்தோறும் பயிற்சி எடுக்கும் படைக்கே இந்தக் கதியென்றால், கிராமத்துச் சாலையில் ஒற்றை ஆளாக இரண்டு குதிரைகளோடு வருபவர் எங்கே போவார்?

அதனால்தான் வண்டி ஓட்டுபவர்களிடம் இதைக் கேட்கிறேன். 2022 ஜனவரியில் மாற்றப்பட்ட விதிகள், குதிரைகளைக் கடக்கும்போது மணிக்கு 10 மைலுக்குக் கீழே போங்கள், குறைந்தது 2 மீட்டர் தள்ளிப் போங்கள் என்கின்றன. 10 மைல் என்றால் 16 கிலோமீட்டர்தான். குதிரைக்குச் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே தெரியும். ஆனால் நேர் பின்னால் வருவது தெரியாது. ஆகவே பின்னால் ஒட்டாதீர்கள். ஹார்ன் வேண்டாம். இடம் இல்லையென்றால் காத்திருங்கள். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ தாமதமாகும், அவ்வளவுதான்.

போன வாரம் அதே குறுகிய சாலையில் அவர் எதிரே வந்தார். வண்டியை ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தேன். இளம் குதிரை ஒரு கணம் என் காரைப் பார்த்தது. பிறகு பெரியதைப் பார்த்துவிட்டு நடையைத் தொடர்ந்தது. இரண்டு கைகளிலும் வேலை இருந்ததால் அவர் தலையை மட்டும் அசைத்தார். குளம்புச் சத்தம் முழுக்க ஓய்ந்த பிறகுதான் நான் வண்டியை எடுத்தேன்.