ஓட்டைக் காலணாவும் ஒத்தை விளக்கும்

பீன்யா பட்டறையில உலோகத்துல கீறல் பார்க்கறதுதான் நம்ம பொழப்பு. போன வாரம் அப்பாவோட காசு டப்பா கைக்கு வந்துச்சு. அதுல ஒரு 1943 ஓட்டைக் காலணா. உலகப்போர் சமயம், உலோகம் மிச்சம் பிடிக்க நடுவுல துளை போட்டு அடிச்சது. பங்கு பிரிக்கறதுக்கு முன்னாடி படம் எடுக்கலாம்னா, ஃபிளாஷ்ல வெள்ளை வெளேர்னு ஒண்ணும் தெரியல. தங்கமணி புளி போட்டுத் தேய்க்கச் சொன்னாங்க.

செய்யாதீங்க மக்களே! அப்பா கைபட்டுக் கறுத்த மேல்பூச்சு போனா திரும்ப வராது. காசு கொடுத்து லைட் பாக்ஸும் வாங்க வேண்டாம். பட்டறையில செய்யற மாதிரி டேபிள் லாம்ப்பைத் தாழ்த்திப் பக்கவாட்டுல காட்டினேன். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. தேய்ஞ்ச கிரீடம் நிழலோட எழுந்து நின்னுச்சு.

காசு அண்ணன் தம்பிக்குள்ள பிரியட்டும். படம் எல்லார்கிட்டயும் இருக்கட்டும். உங்க வீட்டு டப்பாவுல என்ன இருக்கு? :-)