யூடியூப் இருக்கும்போது தேவார வகுப்பு எதுக்கு?

 

போன மாசம் ஆலயக் கூட்டத்துல ஓர் ஐயா கேட்டார்: "எல்லாமே இப்போ யூடியூப்ல இருக்கு. ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புக்கு மண்டபத்தை ஏன் ஒதுக்கணும்?" கோபமா கேட்கல. பிள்ளைங்க 11 பேர்தான் வர்றாங்க, அந்த வருத்தம். அன்னைக்கு எனக்குப் பதில் சொல்ல வரல. இங்கே சொல்றேன்.

ஐயா சொன்னது உண்மைதான். தேவாரம் டாட் ஓஆர்ஜி தளத்துல பன்னிரு திருமுறையும் இருக்கு. பாட்டு, பொருள், ஓதுவார் குரல், எல்லாமே இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்துல மழலைக்கல்வின்னு ஒரு பகுதி. தேசியப் பள்ளியில படிச்சு, தமிழ் எழுத்தே தெரியாத நம்ம பிள்ளைங்க அங்கிருந்து தொடங்கலாம். வகுப்பு முடியும்போது நாங்க கஹூட்டுல புதிர்ப்போட்டி வைக்கிறோம். "அப்பர் பாடியது எந்தத் திருமுறைகள்?"னு திரையில வந்தா போதும், "4, 5, 6!"னு மண்டபமே அதிரும்.

ஆனா ஒண்ணு. படிவம் 1 மாணவன் ஒருத்தன் வீட்டுலயே காணொளி பார்த்து, ரூமி எழுத்துல அச்சடிச்ச தாளை வச்சு, ஒரு முழுப் பதிகத்தை மனப்பாடம் பண்ணிட்டு வந்தான். தாள் பார்க்காம பாடினான். அவ்வளவு சந்தோஷம் எங்களுக்கு. ஆனா ழ, ள எல்லாமே ல ஆகியிருந்துச்சு. அவன் தப்பு இல்ல. ரூமியில எழுதினா பள்ளிக்கும் பல்லிக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தானே! காணொளி நூறு தடவை பாடிக் காட்டும். நம்ம பிள்ளை பாடுறதை அது ஒரு தடவைகூட கேட்காது. கேட்டுத் திருத்த ஓர் ஆள் வேணும்.

அதுக்கும் கைப்பேசிதான் உதவுச்சு. அவன் தினமும் ரெண்டு வரி பாடி வாட்ஸ்அப்புல குரல் பதிவா அனுப்புவான். ஆசிரியை அதைக் கேட்டு, பிழையான சொல்லை மட்டும் சொல்லிக்காட்டித் திருப்பி அனுப்புவாங்க. மூணே வாரத்துல ழ வந்துடுச்சு.

அதனால என் கருத்து இதுதான். கருவிகள் வேணும், வகுப்பும் வேணும். ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ணை மூடிடக் கூடாது.

பெற்றோர்களே, தினமும் 10 நிமிஷம் உங்க கைப்பேசியைப் பிள்ளைகிட்ட கொடுத்து, பக்கத்துலயே உட்காருங்க. உங்களுக்குத் தேவாரம் தெரியணும்னு இல்ல, கேட்டா போதும். ரூமித் தாளைத் தூக்கிப் போடச் சொல்லல. தமிழ் வரி மேல இருக்கட்டும், ரூமி அதுக்குக் கீழ இருக்கட்டும்.

நிர்வாகத்தினருக்குப் பணிவான வேண்டுகோள்: ஒரு ஞாயிறு வந்து பின்வரிசையில உட்கார்ந்து பாருங்க. அதுக்கப்புறம் மண்டபத்தைப் பத்தி முடிவு பண்ணுங்க.

வகுப்பு ஞாயிறு காலை 9 மணிக்கு. பன்னிரண்டாவது பிள்ளைக்காகக் காத்திருக்கோம்.

திருச்சிற்றம்பலம் 🙏